பட்டனைப் பிடுங்காதீர்கள்

மேசைக் கணினியில் இனி மெனு வேண்டாம், பட்டன் வேண்டாம், மூன்று விரலையும் நான்கு விரலையும் நகர்த்திச் செய்யும் சைகைகளே போதும் என்று வாதிடும் கட்டுரை ஒன்றைப் படித்தேன். எழுதியவர் திருச்சியில் மென்பொருள் வடிவமைப்புத் தொழிலில் இருப்பவர். அவர் பெயர் இங்கே முக்கியமில்லை. இதே வாதத்தை அவருக்கு முன்னும் பலர் வைத்திருக்கிறார்கள். என் பதில் வாதத்துக்குத்தான். வெறும் ரசனைச் சண்டையாக இருந்தால் ஒதுங்கிப் போயிருப்பேன். ஆனால் இந்த எண்ணம் நாளை ஒரு மென்பொருளாகி, இ-சேவை மையத்திலோ அச்சகத்திலோ தாலுகா அலுவலகத்திலோ காலை முதல் மாலை வரை கணினி முன் அமர்ந்திருப்பவரிடம் வந்து சேரும். அவருடைய கை வலிக்கும். வேலை தாமதமாகும். கவுண்டருக்கு வெளியே வரிசை நீளும். அதைத் தடுக்கவே எழுதுகிறேன்.

அவருடைய கட்சியை முதலில் சிதைக்காமல் சொல்லிவிடுகிறேன். சைகை மனிதனுக்கு இயல்பானது, அதிலும் நம் மண்ணுக்கு மிக இயல்பானது. அதற்கு ஸ்ரீரங்கத்து அரையர் சேவையே சாட்சி என்கிறார். மெனுக்களும் பட்டன்களும் திரையை அடைக்கும் குப்பை, அவற்றை நீக்கினால் வேலையில் கவனம் கூடும் என்கிறார். சைகைகளை ஒருமுறை கற்றுக்கொண்டால் போதும், எல்லாக் கணினியிலும் கைகொடுக்கும் என்கிறார். எழுத்துகளால் ஆன மெனு படித்தவர்களுக்கானது, படிக்காதவருக்கும் கணினியைத் திறந்துவிடுவது சைகைதான் என்கிறார். கற்க முடியாதவர்கள் பழைய தலைமுறையினர், அவர்களுக்காக எதிர்காலத்தை நிறுத்திவைக்க முடியாது என்கிறார். நடுவில் எழுத்தாளர் சுஜாதாவையும் துணைக்கு அழைத்து, அவருடைய ஊர் பின்தங்கலாமா என்று கேட்கிறார்.

இந்த ஐந்தில் ஒன்றுகூட நிற்காது.

அரையர் சேவையிலிருந்தே தொடங்குவோம். வைகுண்ட ஏகாதசித் திருவிழாவில், பகல் பத்து நாட்களில் அர்ச்சுன மண்டபத்திலும், இராப் பத்து நாட்களில் ஆயிரங்கால் மண்டபத்திலும், தலையில் கூம்பு வடிவக் குல்லாயும் கையில் தாளமுமாக அரையர்கள் பாசுரம் இசைத்து அபிநயம் பிடிக்கிறார்கள். கையால் பொருள் சொல்லும் இந்த மரபு நம்மிடம் இருப்பதால், விரலால் கட்டளையிடும் கணினி நமக்குத் தானாகவே வசப்படும் என்பது கட்டுரையாளரின் கண்டுபிடிப்பு. ஒரு மரபின் பெயரைச் சொல்லிவிட்டு அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் விட்டால் இப்படித்தான் முடிவு வரும்.

அரையர் சேவை யாருக்கும் தானாக வந்ததில்லை. ஆசாரியர் நாதமுனிகள் காலத்திலிருந்து தொடர்வதாக வைணவ மரபு சொல்லும் இந்தக் கலை, குறிப்பிட்ட குடும்பங்களுக்குள், பெரியவரிடமிருந்து பிள்ளைக்கு, பல ஆண்டுப் பயிற்சியில் கைமாறுகிறது. தமிழ்நாட்டில் ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி என்று மிகச் சில தலங்களில்தான் அது இன்று உயிரோடு இருக்கிறது. அவ்வளவு அரிதாகிப் போனதே அதைக் கற்பது எவ்வளவு கடினம் என்பதற்குச் சான்று. இன்னொன்றும் உண்டு. அரையர் வெறும் கையசைவை மட்டும் காட்டிவிட்டுப் போவதில்லை. பாசுரத்தைப் பாடுகிறார், அதற்கு அபிநயம் பிடிக்கிறார், பிறகு வியாக்கியானம் சொல்கிறார். சேவிக்க வந்தவருக்குக் கையசைவின் பொருள் விளங்குவது, அதன் பக்கத்திலேயே சொல் நிற்பதால். அந்தச் சொல்லை எடுத்துவிட்டுக் கையை மட்டும் விட்டுவைப்பதைத்தான் கட்டுரையாளர் கணினியில் செய்யச் சொல்கிறார். தன் வாதத்துக்கு அவர் அழைத்து வந்த சாட்சி, அவருக்கு எதிராகவே பேசுகிறது: சைகை கற்றுக்கொள்ள வேண்டியது, கற்ற பின்னும் சொல்லின் துணை வேண்டியது.

குழந்தைகூடக் கைபேசியைத் தேய்க்கிறதே என்கிறார். தேய்க்கிறது. காரணம், அங்கே படம் விரலுக்கு நேர் கீழே இருக்கிறது. விரல் நகர்ந்தால் படமும் நகர்கிறது. இரு விரலை விரித்தால் படம் விரிகிறது. செயலும் விளைவும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிகின்றன. 1980களில் டொரொன்டோ பல்கலைக்கழகத்தில் பில் பக்ஸ்டனும் அவருடைய கூட்டாளிகளும் பல தொடுபுள்ளிகளை உணரும் பலகையை உருவாக்கிய காலத்திலிருந்து, 2006இல் ஜெஃப் ஹான் டெட் (TED) மாநாட்டு மேடையில் காட்டிய விளக்கம், 2007இல் வந்த ஐபோன் வரை, பார்ப்பவரை வியக்கவைத்தவை பெரும்பாலும் இந்த வகைச் சைகைகள்தான். மேசைக் கணினியில் கட்டுரையாளர் கேட்பது வேறு வகை. மூன்று விரலை மேலே தள்ளினால் திறந்திருக்கும் விண்டோக்கள் எல்லாம் வரிசையாக வர வேண்டும். நான்கு விரலைப் பக்கவாட்டில் தள்ளினால் வேறு பணித்தளத்துக்குப் போக வேண்டும். ஏன் மூன்று, ஏன் நான்கு? எந்தக் குழந்தையும் இதைத் தானாகக் கண்டுபிடிக்காது. இது மனப்பாடம் செய்ய வேண்டிய குறியீடு. முதல் வகையின் எளிமையைக் காட்டி இரண்டாம் வகையை விற்பது ஏமாற்று வேலை.

இனி அந்தச் சுத்தமான திரைக்கு வருவோம். இதை உலகம் ஒருமுறை செய்து பார்த்துவிட்டது, விலையும் கொடுத்துவிட்டது. 2012 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 8ஐ வெளியிட்டது. 1995 முதல் திரையின் இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பட்டனை எடுத்துவிட்டது. முக்கியமான கட்டளைகளைத் திரையின் வலது ஓரத்துக்கு அப்பால் ஒரு பட்டையில் வைத்தது. தொடுதிரை இருந்தால் ஓரத்திலிருந்து விரலால் உள்ளே இழுக்க வேண்டும். மவுஸ் என்றால் சுட்டியை மூலையில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அங்கே ஒரு பட்டை இருக்கிறது என்பதற்குத் திரையில் எந்த அடையாளமும் கிடையாது. கணினியை அணைக்கும் கட்டளைகூட அந்தப் பட்டைக்குள், அமைப்புகள் என்ற பிரிவுக்குள் இருந்தது. பல ஆண்டுகளாகக் கணினியில் வேலை செய்தவர்கள் அதை எப்படி அணைப்பது என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டார்கள். 2013 அக்டோபரில் 8.1 பதிப்போடு ஸ்டார்ட் பட்டன் திரும்பி வந்தது. 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோது ஸ்டார்ட் மெனுவே திரும்பி வந்தது. ஓரத்துப் பட்டை ஒழிந்தது. உலகத்தின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனங்களில் ஒன்று, அவ்வளவு பணமும் ஆட்களும் இருந்தும், மூன்றே ஆண்டுகளில் பின்வாங்கிய இடம் இது. அந்த வரலாற்றைப் பற்றி ஒரு வரிகூடக் கட்டுரையில் இல்லை. தெரியாமல் விட்டிருந்தால் அவருக்கு இதைப் பற்றி எழுதத் தகுதியில்லை. தெரிந்தே விட்டிருந்தால் அது அதைவிட மோசம்.

விண்டோஸ் 8 வருவதற்கு முன்பே எச்சரிக்கை வந்துவிட்டது. கணினிப் பயன்பாட்டியலில் மூத்தவர்களான டொனால்ட் நார்மனும் ஜேக்கப் நீல்சனும் 2010இல் எழுதிய கட்டுரையில், சைகை இடைமுகங்கள் பயன்பாட்டை ஒரு படி பின்னுக்குத் தள்ளுகின்றன என்றார்கள். என்ன செய்யலாம் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும், செய்தது நடந்ததா என்று தெரிய வேண்டும், தவறினால் திரும்பிவர வழி வேண்டும், ஒரு செயல் எல்லா இடத்திலும் ஒன்றையே செய்ய வேண்டும் என்ற பழைய நெறிகளைப் புதியவர்கள் காற்றில் விடுகிறார்கள் என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. மெனு என்பது குப்பை அல்ல. இந்த மென்பொருளால் என்னென்ன முடியும் என்று பயன்படுத்துபவருக்குச் சொல்லும் பட்டியல் அது. அதை மறைத்தால் திரையில் இடம் கிடைக்கும். அந்த வசதிகள் இருப்பதே பயன்படுத்துபவருக்குத் தெரியாமல் போகும்.

ஒருமுறை கற்றால் எங்கும் உதவும் என்ற மூன்றாவது வாதத்தை எந்த நம்பிக்கையில் எழுதினாரோ தெரியவில்லை. விண்டோஸ் 11இல் டச்பேடில் மூன்று விரலைப் பக்கவாட்டில் தள்ளினால் திறந்திருக்கும் செயலிகளுக்கு இடையே மாறும். லினக்ஸின் க்நோம் இடைமுகத்தில், 40ஆம் பதிப்பு முதல், அதே மூன்று விரல் அசைவு பணித்தளத்தையே மாற்றிவிடுகிறது. விண்டோஸில் அந்த வேலைக்கு நான்கு விரல் வேண்டும். இரு விரலால் பக்கத்தை உருட்டும் எளிய செயலில்கூட ஒற்றுமை இல்லை: 2011இல் ஆப்பிள் தன் லயன் பதிப்பில் உருட்டும் திசையைத் தலைகீழாக்கியது, அன்றிலிருந்து இரண்டு வகைக் கணினிகளில் வேலை செய்பவரின் விரல் குழம்பிக்கொண்டிருக்கிறது. உபுண்டு என்ற லினக்ஸ் வகையை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம், 2010இல் அதன் 10.10 பதிப்போடு யூடச் என்ற பெயரில் ஒரு பெரிய முயற்சியைத் தொடங்கியது. எளிய சைகைகளைச் சொற்களைப் போலக் கோத்து வாக்கியங்களைப் போன்ற கட்டளைகளை அமைப்பதுதான் நோக்கம். மூன்று விரல் விண்டோவை நகர்த்தும், நான்கு விரல் செயலிப் பட்டியைத் திறக்கும் என்றெல்லாம் வகுத்தார்கள். திறமையான பொறியாளர்கள் உழைத்த வேலை அது. லினக்ஸில் பல விரல் தொடுகை வேரூன்ற அந்தக் காலத்து உழைப்பு உதவியது. ஆனால் அந்தச் சைகை மொழி நிலைக்கவில்லை. 2017இல் உபுண்டு தன் யூனிட்டி இடைமுகத்தையே கைவிட்டு க்நோமுக்குத் திரும்பியது. பொதுவான சைகை மொழி ஒன்று உருவாகவே இல்லை. உருவாகாத மொழியை ஒருமுறை கற்றால் போதும் என்று நம் கட்டுரையாளர் உறுதி தருகிறார்.

நான்காவது வாதம்தான் என்னை உண்மையிலேயே கோபப்படுத்தியது. படிக்காதவர்கள் பெயரைச் சொல்லி, படிக்காதவர்களுக்கு ஆகாத ஒன்றை விற்கிறார். அதற்கு சுஜாதாவின் பெயரையும் இழுக்கிறார். சரி, சுஜாதா என்ன செய்தார் என்று பார்ப்போம்.

சுஜாதா என்ற பெயரில் எழுதிய எஸ். ரங்கராஜன் ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் பிறகு குரோம்பேட்டை எம்ஐடியிலும் படித்தவர். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தபோது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பையும் உற்பத்தியையும் மேற்பார்வையிட்டார். இயந்திரத்தின் வெளித் தோற்றத்தை அமைத்ததில் ஐஐடி பம்பாயின் தொழில்துறை வடிவமைப்பு மையத்துக்குப் பங்குண்டு. 1982இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக இயந்திரத்தைப் பயன்படுத்தினார்கள். சட்டத்தில் இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. 1989இல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. 2001இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் முழுக்க இயந்திரத்தில் நடந்தது. 2004இல் நாடாளுமன்றத் தேர்தல் நாடு முழுக்க அதில் நடந்தது. அதன் நம்பகத்தன்மை பற்றிய வழக்குகளும் விவாதங்களும் வேறு பொருள். அவற்றுக்குள் நான் போகவில்லை. மனிதன் கை படும் அதன் முகப்பை மட்டும் பாருங்கள்.

வாக்குச்சாவடி அலுவலர் தன் கட்டுப்பாட்டுக் கருவியில் ஒரு பட்டனை அழுத்துகிறார். மறைப்புக்குள் இருக்கும் வாக்குப்பதிவுக் கருவியில் பச்சை விளக்கு எரிகிறது: இயந்திரம் தயார் என்று பொருள். வேட்பாளர் பெயர், அதன் பக்கத்தில் சின்னம், அதன் நேரே நீல நிறப் பட்டன். ஒரு கருவியில் 16 பட்டன்கள். வேட்பாளர் இல்லாத வரிசைகளின் பட்டனை மூடிவிடுகிறார்கள். அழுத்தினால் அந்தச் சின்னத்துக்கு நேரே சிவப்பு விளக்கு எரிகிறது, நீண்ட பீப் ஒலி கேட்கிறது. மறுபடி அழுத்தினாலும் எதுவும் நடக்காது. பார்வையற்றவர் தடவிப் பார்க்கப் பட்டன்களின் பக்கத்தில் பிரெய்லி எண்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பின்னால் சேர்ந்த விவிபாட் கருவி, பதிவான சின்னத்தைச் சீட்டில் அச்சிட்டு 7 வினாடிகள் கண்ணாடி வழியே காட்டுகிறது. மின் இணைப்பு இல்லாத ஊரிலும் பேட்டரியில் ஓடும்.

இந்த நாட்டில் எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானவர்களுக்காகவும் வடிவமைத்த கருவி இது. இதில் ஒரு சைகைகூட இல்லை. மறைத்துவைத்த கட்டளை ஒன்றுகூட இல்லை. செய்யக்கூடியது எல்லாம் கண் முன்னால் இருக்கிறது. எது நடந்தது என்று விளக்கு சொல்கிறது, ஒலி சொல்கிறது, இப்போது சீட்டும் சொல்கிறது. படிக்கத் தெரியாதவருக்குத் தேவைப்பட்டது எழுத்துக்குப் பதில் சின்னம். பட்டனுக்குப் பதில் விரல் வித்தை அல்ல. உறையூரிலோ திருவானைக்காவலிலோ எண்பது வயதுப் பாட்டி ஒருவர் யாருடைய உதவியும் இல்லாமல் உள்ளே போய் வாக்களித்துவிட்டு வெளியே வருகிறார் என்றால், அதற்குக் காரணம் வடிவமைத்தவர்கள் அவரை மதித்தது. சுஜாதாவின் ஊர் என்று பெருமைப்படுபவர் முதலில் சுஜாதாவின் வேலையிலிருந்து பாடம் கற்க வேண்டும்.

ஐந்தாவது வாதத்துக்குப் போகும் முன் உடம்பைப் பற்றியும் பேச வேண்டும். ஏனென்றால் கட்டுரையாளர் எழுதியதில் விரல்கள் உண்டு, தோள் கிடையாது. மேசைக் கணினியில் விரல் சைகை பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் நடக்கும்: திரையின் மேலேயே, அல்லது கீழே வைத்த தொடுபலகையில். திரையில் என்றால், நிமிர்ந்து நிற்கும் திரையை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டே வேலை செய்ய வேண்டும். 1983இல் ஹியூலெட் பேக்கர்ட் எச்பி-150 என்ற தொடுதிரைக் கணினியை விற்ற காலத்திலிருந்தே தெரிந்த சங்கடம் இது. கை கனத்துத் தோள் நோகும் இந்த நிலைக்குக் கொரில்லா கை என்று துறையில் பெயரே வைத்துவிட்டார்கள். ஐபோனையும் ஐபேடையும் கொண்டுவந்த ஸ்டீவ் ஜாப்ஸே 2010 அக்டோபரில், நிமிர்ந்த திரையில் தொடுகை சரிப்படாது, சிறிது நேரத்தில் கை ஓய்ந்துவிடும், சோதித்துப் பார்த்துவிட்டோம் என்று மேடையில் சொன்னார். மேக் கணினிக்கு அவர் தந்தது கீழே வைக்கும் தொடுபலகை.

அப்படியானால் தொடுபலகை என்பீர்கள். திருச்சியில் எத்தனை மேசைக் கணினியில் தொடுபலகை இருக்கிறது? தெப்பக்குளம் பக்கத்துக் கடைகளின் பில்லிங் மேசையைப் பாருங்கள், அச்சகங்களில் அழைப்பிதழ் கோக்கும் டிடிபி மேசையைப் பாருங்கள், இ-சேவை மையத்தைப் பாருங்கள். ஒரு கீபோர்டு, கம்பியோடு ஒரு மவுஸ். அவ்வளவுதான். பல விரலை உணரும் கருவியே அங்கே கிடையாது. கட்டுரையாளர் மேசைக் கணினி என்று தலைப்பிட்டுவிட்டுத் தன் மடியில் இருக்கும் விலையுயர்ந்த கணினியைப் பற்றி எழுதியிருக்கிறார்.

துல்லியத்தையும் கணக்கிடுவோம். விரலால் தொடும் இடம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டு வடிவமைப்பாளர்கள் கடைப்பிடிக்கும் அளவு. சாதாரண 24 அங்குல முழு எச்டி திரையில் ஒரு பிக்சலின் அகலம் 0.28 மில்லிமீட்டருக்குள். அதாவது மவுஸ் ஒரு பிக்சலைச் சுட்டும் இடத்தில் விரலுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட பிக்சல்கள் வேண்டும். தொடும்போது விரல் அந்த இடத்தை மறைத்தும்விடும். திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கம் கொதிகலன் பாகங்களுக்குக் கேட் (CAD) மென்பொருளில் வரைபடம் போடுபவர் இடக்கையைக் கீபோர்டிலும் வலக்கையை மவுஸிலும் வைத்து, ஒரு கோட்டின் முனையை இன்னொரு கோட்டின் நடுப்புள்ளியோடு பொருத்துகிறார். தமிழில் மெய்ப்புத் திருத்துபவர் ஒரு ஒற்றெழுத்தைச் சேர்க்க இரண்டு எழுத்துகளுக்கு நடுவே சரியாகச் சுட்டியை வைக்கிறார். இவர்களிடம் போய் விரல் போதும் என்று சொல்வதற்கு, இவர்கள் வேலையை ஒருநாளும் உட்கார்ந்து பார்க்காதவராக இருக்க வேண்டும்.

தொடுபலகை இருக்கும் இடத்திலும் சிக்கல் தீராது. மூன்று விரல் ஒரே கணத்தில் பலகையில் விழுவதில்லை. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், சில நேரம் உள்ளங்கையும் படும். இது இரு விரல் உருட்டலா, மூன்று விரல் கட்டளையா என்று கணினி முடிவுசெய்யச் சிறிது காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் தாமதம் தெரியும். காத்திருக்காவிட்டால் தவறான கட்டளை ஓடும். எவ்வளவு நல்ல பொறியாளரும் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசத்தைத்தான் எட்ட முடியும். படம் பார்க்கும்போது தவறினால் நஷ்டமில்லை. விண்ணப்பதாரரின் விவரங்களைப் பாதி நிரப்பிய படிவத்தில், திருத்திக்கொண்டிருக்கும் கணக்கில் தவறினால் வேலை போகும். பட்டன் ஒருபோதும் உங்கள் விரலின் எண்ணிக்கையை ஊகிக்க வேண்டியதில்லை.

இனி அந்தக் கடைசி வாதம்: கற்க முடியாதவர்கள் பழைய தலைமுறை, காலம் அவர்களைக் கடந்து போகும். இதை எழுதும்போது அவருக்குக் கை கூசவில்லை. மூட்டுவாதத்தால் விரல் மடங்காதவர் பழைய தலைமுறையா? பார்க்கின்சன் நோயால் கை நடுங்குபவர்? விபத்தில் இரண்டு விரலை இழந்த லேத் தொழிலாளி? ஒரு கையில் மட்டும் வேலை செய்யும் இருபது வயதுப் பெண்? இவர்கள் எல்லாத் தலைமுறையிலும் இருப்பார்கள். இவர்களுக்காகவே, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018இல் வெளியிட்ட இணைய அணுகல் வழிகாட்டுதலின் 2.1ஆம் பதிப்பு ஒரு விதியைச் சேர்த்தது: பல விரல் சைகையாலோ குறிப்பிட்ட பாதையில் இழுப்பதாலோ நடக்கும் எந்தச் செயலையும், அது இன்றியமையாத இடம் தவிர, ஒற்றைத் தொடுதலாலும் செய்ய முடிய வேண்டும். இது உச்சகட்டத் தரத்துக்கான விதி அல்ல. அடிப்படை நிலையான ஏ நிலையிலேயே வைக்கப்பட்ட விதி. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்பத்தை அணுகுவதை உரிமையாகவே வைத்திருக்கிறது. பட்டனை எடுத்துவிட்டுச் சைகையை மட்டும் வைக்கும் அலுவலக மென்பொருள் இந்த நெறிக்கு நேர் எதிரானது. அதைப் புதுமை என்று அழைக்கக் கூடாது.

கைபேசிதான் வென்றது, வரலாறு அந்தப் பக்கம் போகிறது என்று அவர் ஒரு முத்தாய்ப்பும் வைத்திருக்கிறார். கைபேசி உலகமே அவர் சொல்வதைச் செய்யவில்லை. 2019இல் ஆண்ட்ராய்டு 10 முழுச் சைகை வழிசெலுத்தலைக் கொண்டுவந்தபோது, கீழே மூன்று பட்டன்கள் வைக்கும் பழைய முறையையும் அமைப்புகளில் விட்டுவைத்தது. விரும்புபவருக்குச் சைகை, வேண்டுபவருக்குப் பட்டன். அந்த அடிப்படை மரியாதைகூட நம் கட்டுரையாளரின் திட்டத்தில் இல்லை.

நான் சைகைக்கு எதிரி அல்ல. மேசையில் பல விரல் சைகையைப் பயனுள்ள பொருளாக்கியவர்களில் முக்கியமானவர் வெய்ன் வெஸ்டர்மன். டெலாவேர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தபோது தன் கைகளே தட்டச்சால் நொந்துபோனதால், மெல்லத் தொட்டாலே இயங்கும் பரப்பை அவர் ஜான் இலியாஸோடு சேர்ந்து உருவாக்கினார். அவர்களுடைய ஃபிங்கர்வொர்க்ஸ் நிறுவனத்தை 2005இல் ஆப்பிள் வாங்கியது. அந்த நிறுவனத்தின் டச்ஸ்ட்ரீம் என்ற கருவியில் விசைகள் வரையப்பட்ட கீபோர்டு இருந்தது. அதே பரப்பில்தான் சைகையும் செய்யலாம். நொந்த கைக்கு ஓய்வு தரப் பிறந்த தொழில்நுட்பம் இது. அது பிறந்தபோதே விசையைத் தன்னோடு வைத்துக்கொண்டது. விசையை ஒழிப்பதற்காக அதைப் பயன்படுத்துவது, அதை உண்டாக்கியவர்களின் உழைப்புக்கும் அநீதி.

ஆகவே சைகையை வடிவமைப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு சைகைக்கும் கண்ணுக்குத் தெரியும் பட்டனோ மெனுவோ, அதோடு ஒரு கீபோர்டு வழியோ இருக்கட்டும். பட்டன்மேல் சுட்டியை வைக்கும்போது அதற்கான சைகையை அங்கேயே எழுதிக் காட்டுங்கள். பழகியவர் தானாகக் கற்றுக்கொள்வார். விரலோடு திரையும் நகரட்டும்; பாதியில் மனம் மாறினால் விரலைத் திருப்பியே ரத்துசெய்ய முடியட்டும். அழித்தல், அனுப்புதல், பணம் செலுத்துதல் போன்ற திரும்பப் பெற முடியாத எதையும் சைகையில் வைக்காதீர்கள். வேண்டாதவர் முழுவதுமாக அணைத்துவைக்க ஒரு வழி கொடுங்கள். வெளியிடும் முன் உங்கள் அலுவலகத்து இளைஞர்களிடம் மட்டும் காட்டாதீர்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் தேர்வு முடித்து வேலைக்கு வந்தவரை, ஓய்வுபெறும் வயதில் இருக்கும் எழுத்தரை, கைநடுக்கம் உள்ள ஒருவரை உட்காரவையுங்கள். வாய் திறக்காமல் பக்கத்தில் நின்று பாருங்கள். அவர்கள் தடுமாறினால் தவறு அவர்களுடையது அல்ல.

இதில் எதுவும் புதுமைக்குத் தடை இல்லை. பட்டனை வைத்துக்கொண்டே சைகையைச் சேர்க்கலாம். அதற்கு இன்னும் கொஞ்சம் உழைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த உழைப்பைத் தவிர்ப்பதற்காகப் பயன்படுத்துபவரைப் பின்தங்கியவர் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். தான் கட்டிய கருவியை ஒருவர் பயன்படுத்த முடியாமல் திணறும்போது, அவர் ஏன் கற்கவில்லை என்று கேட்பவர் வடிவமைப்பாளர் அல்ல. தான் எதை மறைத்துவிட்டோம் என்று கேட்பவரே வடிவமைப்பாளர். கட்டுரையாளர் தன் வாதத்தைத் திரும்பப் பெற வேண்டும். அதற்கு முன்னால் அவருடைய மென்பொருளை எந்த அலுவலகமும் வாங்கக் கூடாது.